விஜய வருடத்து ஜேர்மனி மாப்பிள்ளை

ஆறு நாளும் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஆண்டவன் ஓய்வெடுத்தாராம். அந்தச் செய்தி மெல்பேர்னின் நோபல் பார்க்கில் இரத்தினசிங்கத்தின் வீட்டு வாசல் மணிக்கு மட்டும் எட்டவில்லை. ஞாயிறு காலைத் தேத்தண்ணீர் ஆறுமுன்னே அது ஒருதரம் அடிக்கும். பிறகு பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அடித்த அடியில் மணி கழன்று கீழே விழுந்து, விழுந்த இடத்தில் கிடந்தும் அடித்தது என்று அவர் மனைவி யோகராணி சொல்வாள். யோகராணி சொல்வதில் பாதியை நம்பலாம்.

வருகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள். எல்லார் கையிலும் மடித்த காகிதம் ஒன்று. காகிதத்துக்குள் யாராவது ஒரு பிள்ளையின் சாதகம்.

யாழ்ப்பாணத்தில் இரத்தினசிங்கம் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர். அவருடைய தாய்மாமன் பேர்போன சாத்திரியார். மாமனின் வீட்டில் வளர்ந்த பிள்ளை, கிளி பேசப் பழகுவதுபோலப் பஞ்சாங்கக் கணக்கையும் பழகிக்கொண்டது. மெல்பேர்னுக்கு வந்து, டண்டினோங்கில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் படம் வரைய அமர்ந்தபோது, அந்தக் கணக்கெல்லாம் கப்பலோடு போயிற்று என்றுதான் அவர் நினைத்தார். வந்த வருடமே யாரோ ஒருவருடைய குழந்தைக்கு, பாவம், ஊரில் எழுதுவிக்க வழியில்லை என்று இரக்கப்பட்டு ஒரு சாதகம் எழுதிக் கொடுத்தார். இரக்கப்பட்டவனுக்கு இருக்க இடமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது 1978. அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. கிழமையில் ஐந்து நாள், இருட்டோடு எழும்பி, குளிரில் பல்லுக் கிடுகிடுக்க ரயிலில் போய், கண் பூத்துப்போகும்வரை பற்சக்கரங்களின் படம் வரைவார். சனிக்கிழமை மேலதிக வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரகங்கள். அவருக்கு வந்திருந்த களைப்பு நித்திரையால் தீருகிற களைப்பு அல்ல. நித்திரையிலேயே அவர் களைத்துப்போய் எழும்புவார்.

ஆனாலும் வேண்டாம் என்று கதவைச் சாத்த அவரால் முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் யோகராணிக்குக்கூடச் சொன்னதில்லை. தொழிற்சாலையில் அவர் பெயர் ‘ரட்னா’. அதையும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள் ‘சாத்திரியார்’ என்பார்கள். இந்தப் பெரிய கண்டத்தில் அவர் முழு மனிதராக இருந்தது அந்த ஒரு நாளில்தான்.

வந்தவர்கள் கேட்பதெல்லாம் வரப்போவதைப் பற்றித்தான். எப்ப வேலை கிடைக்கும், எப்ப தம்பிக்கு விசா வரும், எப்ப பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும். கிரகம் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். கிரகங்களோ குடிவரவுத் திணைக்களத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எதையாவது சொல்லி அனுப்பிவிட்டு, சொன்னது பலிக்குமோ என்று ஆறு மாதம் நெஞ்சு இடிப்பது அவர் பாடு.

இந்த இக்கட்டிலிருந்துதான் அவர் செத்துப்போன ஜேர்மனியர்களிடம் ஓடினார்.

தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேர்னர் என்றொரு கிழவர் இருந்தார். பிறந்த ஊர் ஹம்பேர்க். இளைப்பாறிப் போகும்போது, சின்ன வீட்டுக்கு மாறப்போகிறேன், இடமில்லை என்று ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும், இசை அமைத்தவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்றையும் இரத்தினசிங்கத்தின் தலையில் கட்டிவிட்டார். சங்கீதத்தில் இரத்தினசிங்கம் சுத்த ஞானசூனியம். புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அவர் கண் விரிந்தது. ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி இருந்தது. பிறந்த ஊர் இருந்தது. அதற்குப் பிறகு பட்ட பாடெல்லாம், இறந்த நாள் ஈறாக, அச்சில் இருந்தது. பலன் முழுக்கத் தெரிந்த சாதகங்கள். இனி இவர்களில் ஒருவராவது வந்து வாசல் மணியை அடிக்கப் போவதில்லை.

அன்று தொடக்கம், கடைசி விருந்தாளியும் போன பிறகு, எண்ணெய் ஹீற்றருக்குக் காலை நீட்டிக்கொண்டு, அவர் அந்த ஆத்துமாக்களுக்குச் சாதகம் கணித்தார். பாக் என்றவரும் ஹாண்டல் என்றவரும் ஒரே வருடத்தில், ஒரு மாத இடைவெளிக்குள் பிறந்தவர்கள். ஒருவருக்கு இரண்டு தாரம், இருபது பிள்ளை. மற்றவர் கட்டாத பிரமச்சாரி. ஆனால் கடைசிக் காலத்தில் இரண்டு பேருடைய கண்ணையும் ஒரே ஆங்கிலேய வைத்தியன் வெட்டி, இரண்டு பேரும் குருடானார்கள். சாத்திரம் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும். பேத்தோவனில்தான் அவர் சறுக்கினார். ஞானஸ்நானம் கொடுத்த நாள்தான் இருந்ததே தவிர, பிறந்த நாளை ஒருவரும் சரியாக எழுதி வைக்கவில்லை. தாய் தகப்பனுக்குப் பொறுப்பில்லை என்று யோகராணியிடம் முறையிட்டார். “அதுகளைத் திட்டிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ, புட்டு ஆறுது” என்றாள் அவள்.

அவருக்கு மிகவும் பிடித்தவர் பிராம்ஸ். கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்தவன் கோட்டை கட்டி ஆள்வான் என்பார்கள். இந்த மனிதர் ஆண்டதெல்லாம் வாடகை அறைகளை. பிறந்த நேரம் தெரியாததால், வாழ்க்கையைப் பார்த்துப் பின்னோக்கி நேரத்தைத் தேடினார் இரத்தினசிங்கம். கலியாணம் ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஏற்றபடி செவ்வாயைக் கொண்டுவந்து நிறுத்த அவருக்கு ஒரு மாரி காலம் பிடித்தது. ஓரத்தில் பென்சிலால் குறிப்புகளும் போட்டார்: ‘ஹம்பேர்க். சங்கீதத்தில் மேன்மை. தாய்மேல் உயிர். தனிமை விருப்பம். தாடி, சனியின் வேலையோ?’

அந்தத் தாளை அவர் எப்படித் தொலைத்தார் என்பதுதான் கதை.

வாசலுக்கு வருகிறவர்களில் விமலாதேவியைப்போல விடாமல் வந்தவர் இல்லை. கணவனை இழந்தவர். நோபல் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. தையல் தொழிற்சாலையில் வேலை. ஒரே பிள்ளை கல்யாணி, மருந்தாளர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். பிள்ளையின் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். அதற்குச் சமமான குற்றமுள்ள மாப்பிள்ளையைத் தேடித் தேடி, மூன்று வருடத்தில் விமலாதேவியே அரைச் சாத்திரியாராகிவிட்டார். தாய் உள்ளே கிரகங்களோடு மல்லுக்கட்டும்போது, கல்யாணி வெளி அறையில் புத்தகமும் கையுமாக இருப்பாள். தேத்தண்ணீர் எடுக்க வருகிற சாட்டில் இரத்தினசிங்கம் தன் ஜேர்மனியர்களைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டுப் போவார். சிரிக்கிற இடத்தில் சரியாகச் சிரிப்பது அவள் ஒருத்திதான்.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துபோய்விட்டார்கள். இரத்தினசிங்கம் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். விமலாதேவி வந்து, புதுசாக ஏதும் மாப்பிள்ளைச் சாதகம் வந்திருக்கிறதா என்று கேட்டார். “அலுமாரியிலை, பிஸ்கட் தகரத்துக்குள்ளை கிடக்கு. நீங்களே பார்த்து எடுங்கோ” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். அலுமாரியில் தகரங்கள் இரண்டு இருந்தன. உயிரோடு இருந்தவர்கள் மேல்தட்டில், செத்தவர்கள் கீழ்த்தட்டில். விமலாதேவி குள்ளம்.

பொருந்தும்வரை பெயர் சொல்லாமல் சாதகத்தை மட்டும் கொடுப்பது நம்முடைய வழக்கம். அதனால் பெயரில்லாத தாள் அவரை உறுத்தவில்லை. ஓரத்தில் ‘ஹம்பேர்க்’ என்று கண்டு, மாப்பிள்ளை ஜேர்மனியில் என்று எடுத்துக்கொண்டார். வருடம் போட்டிருந்தது: விஜய வருடம், சித்திரை மாதம். அங்கேதான் மனுஷி விழுந்தார். எந்த மனுஷியும் விழுவார். நம்முடைய வருடங்களுக்குப் பெயர் அறுபதுதான். அறுபது முடிந்தால் மறுபடி முதலாவது. 1953இல் பிறந்தவனும் விஜய வருடத்துப் பிள்ளைதான். 1833இல் பிறந்த பிராம்ஸும் விஜய வருடத்துப் பிள்ளைதான். கல்யாணி பிறந்தது அடுத்த வருடமான ஜய. ஒரு வயது வித்தியாசம், எண்ணி வைத்ததுபோல.

கிழமைக்குள் தொலைபேசி வந்தது. மாப்பிள்ளை கேட்டை, பிள்ளை அனுஷம், பத்துக்கு ஏழு பொருத்தம், செவ்வாயும் செவ்வாயும் தராசில் வைத்ததுபோல நிற்கிறது, சரிதானே என்று கேட்டார் விமலாதேவி. அன்றைக்கு இரத்தினசிங்கம் இரட்டை நேர வேலை செய்துவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். மனதுக்குள் விரலை மடித்துப் பார்த்தார்.

“ஓம் தங்கச்சி. ஏழு பொருந்தும். நல்ல சாதகம்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அடுத்த நாள் ஆடி பிறந்தது. ஆடியில் கலியாணப் பேச்சு எடுப்பதில்லை. விமலாதேவி தாளைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மாதம் கழியட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். ஆடி பாதி போனபிறகு, பிராம்ஸின் சனியைத் திரும்பவும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று இரத்தினசிங்கம் கீழ்த்தட்டுத் தகரத்தைத் திறந்தார். தாள் இல்லை.

“இஞ்சை, நீர் எடுத்தனீரோ” என்று யோகராணியைக் கேட்டார்.

“நான் எதுக்கு எடுக்கிறன். அண்டைக்கு விமலாதேவி அக்காதான் அதுக்குள்ளை கிண்டினவ. ஜேர்மனியிலை ஒரு பெடியனாம், நல்ல இடமாம் எண்டு ஆடி பிறக்க முன்னம் சந்தையிலை கண்டு சொன்னவ.”

இரத்தினசிங்கம் மெல்ல நடந்துபோய்க் கதிரையில் இருந்தார். நில அளவைத் திணைக்களம் முழுக்க வந்து அவர் நெஞ்சில் ஏறி நின்று சங்கிலி பிடித்து அளந்ததுபோல இருந்தது. செத்து எண்பது வருடமான மனிதருக்கு ஒரு விதவைத் தாயின் ஒரே மகளை அவர் பொருத்திக் கொடுத்திருக்கிறார். தகரம் மாறியது விமலாதேவியின் பிழை என்றாலும், ‘ஏழு பொருந்தும்’ என்று சொன்ன வாய் அவருடையது. இது வெளியே தெரிந்தால் இனி அவரை யார் சாத்திரியார் என்பார்கள். தெரியாமல் மறைத்தாலோ, அந்தத் தாய் இல்லாத மருமகனுக்காகக் காத்திருந்து கரைவார்.

மறுநாள் மாலை, நோபல் பார்க் நிலையத்தில் ரயிலால் இறங்கியபோது, மேடை வாங்கில் கல்யாணி குந்தியிருந்தாள். அவருக்காகவே காத்திருந்தவள்போல எழுந்து கூட நடந்தாள். சொல்லிவிடுவது என்று அவர் தொண்டையைச் செருமினார்.

“எனக்குத் தெரியும் அங்கிள்” என்றாள் அவள். “ஹம்பேர்க், தாடி எண்டு கண்ட உடனேயே தெரிஞ்சிட்டுது. நீங்கள் சொன்ன ஆள்தானே.”

அவர் நின்றுவிட்டார். தெரிந்தும் தாயிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

கல்யாணி களைத்த குரலில் சொன்னாள். மூன்று வருடமாக ஒவ்வொரு சனி ஞாயிறும் யாராவது ஒரு வீட்டார் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்; இல்லையென்றால் அவளைச் சீலை உடுத்தி எங்காவது கூட்டிப் போகிறார்கள். இந்த மாதம் ஒருவரும் வரவில்லை. அம்மா குசினியில் பாடுகிறார். நவம்பரில் சோதினை. இப்போதுதான் அவளால் படிக்க முடிகிறது.

“அவராலை எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை அங்கிள். சோதினை முடியும்வரைக்கும் அவர் உயிரோடை இருக்கட்டும்.”

இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் முகத்தில் தன்னுடைய களைப்பையே கண்டார் இரத்தினசிங்கம். சரி பிள்ளை என்று சொன்னார். அந்தக் களைப்பில் அவரால் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் ஆடி முடிந்தது. ஆவணி முதலாம் தேதி, கோழி கூவாத அந்த நாட்டில் கோழிக்குப் பதிலாகத் தொலைபேசி கூவியது. விமலாதேவிதான். அவருடைய தம்பி சிவபாலன் லண்டனில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும், ரயிலும் கப்பலுமாக ஹம்பேர்க்குக்கே போய், மாப்பிள்ளையை நேரில் பார்த்து, ஒரு சோடி வேட்டியும் கொடுத்துவிட்டு வருவானாம். விலாசம் மட்டும் வேண்டும்.

விலாசம் அவரிடம் இருந்தது. வியன்னா நகரத்து மயானம்.

அன்று மாலை இரத்தினசிங்கம் விமலாதேவியின் வீட்டுக்கு நடந்தார். போகும் வழியில் ஒரு யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் தகப்பன் மதுக்கடைகளில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். குலம் கோத்திரம் பார்க்கிற விமலாதேவி, வேண்டாம் என்று தானே கையை உதறிவிடுவார். சொல்வதும் உண்மை. தன் மானமும் தப்பும். வாசல் வரைக்கும் அந்த யோசனையை அவர் பத்திரமாகக் கொண்டுபோனார்.

கதவைத் திறந்த விமலாதேவியின் கையில் புது வேட்டிச் சோடி ஒன்று இருந்தது. ஓரத்துச் சரிகையை அவர் தானே இருந்து தைத்திருந்தார். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் இருந்து தைத்திருக்கிறார். அதைக் கண்டதும் இரத்தினசிங்கத்தின் யோசனை வாசலிலேயே செத்துப்போயிற்று.

உள்ளே போய் இருந்தார். கல்யாணி உள் அறைக் கதவோரம் வந்து நின்று, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அந்தப் பக்கம் பாராமல், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். தகரம் மாறியதை, வருடம் மாறியதை, சாதகத்தைக் கண்ணால் காணாமலே தொலைபேசியில் ஓம் என்றதை, மாப்பிள்ளை 1897ஆம் ஆண்டிலேயே காலமானதை.

விமலாதேவி வேட்டியை மடித்தார். மடித்ததை விரித்து மறுபடி மடித்தார்.

“பிள்ளைக்கு முதலே தெரியுமோ” என்று கேட்டார் கடைசியில். கதவோரத்தில் கல்யாணி தலையைக் குனிந்தாள். அதுவே பதிலாயிற்று. அவர் மகளை ஏறிட்டுப் பார்த்தார். கோபிக்கவும் தெம்பில்லாத பார்வை அது. பிறகு இரத்தினசிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“அந்த மனுசன் ஏன் கட்டேல்லை?”

எதிர்பாராத கேள்வி. இரத்தினசிங்கம் தடுமாறிப்போய், தெரிந்ததைச் சொன்னார். இளம் வயதில் சிநேகிதரின் மனைவிமேல் ஒரு பிரியம், பதினாலு வயது மூத்தவர், பெரிய பியானோக்காரி. சிநேகிதர் காலமான பிறகும் அவரைக் கட்டவில்லை. பிறகு ஒரு பேராசிரியரின் மகள். மோதிரம்கூட மாற்றியாயிற்று. அதற்குப் பிறகு, உன்மேல் விருப்பம்தான், ஆனால் விலங்கு பூட்டிக்கொள்ள என்னால் முடியாது என்று அந்தப் பிள்ளைக்கு எழுதிவிட்டார்.

“மோதிரம் மாத்திப்போட்டோ?” விமலாதேவியின் முதுகு நிமிர்ந்தது.

“ஓம்.”

“தகப்பன் தாய் பேசாமல் இருந்தவையோ?”

“என்ன செய்யிறது தங்கச்சி.”

“அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஆர் கட்டுவினம்?”

பல வருடம் கழித்து யாரோ கட்டினார்கள் என்றார் இரத்தினசிங்கம். விமலாதேவி வேட்டிச் சோடியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினார்.

“இப்பிடிப்பட்டவனுக்கே நான் என்ரை பிள்ளையைக் குடுக்கப் பார்த்தனான்” என்றார். “செத்தது நல்லதாப் போச்சு.”

கதவோரத்தில் கல்யாணி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கப் பார்த்தும் சிரிப்பு விரலிடுக்கால் வழிந்தது. தாய் திரும்பி முறைத்தார். முறைப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அவருடைய வாயோரமும் ஆடியது. பிறகு அப்படியே கதிரையில் இருந்து, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். மூன்று வருட அழுகை. ஒருவரும் தடுக்கவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டு, “ஆம்பிளையளை நம்பேலாது. நீ முதல்லை சோதினையை எழுது. பிறகு பார்ப்பம்” என்றார் மகளிடம். இரத்தினசிங்கத்துக்குத் தேத்தண்ணீர் வந்தது. சீனி போட மறந்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை.

இனி ஊர் அறியும், மணி அடங்கும் என்று எண்ணியபடி அவர் வீட்டுக்கு நடந்தார். கவலையும் நிம்மதியும் ஒரு சோடிச் சப்பாத்துப்போல ஆளுக்கொரு காலில் வந்தன. அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. வெயில் கொஞ்சம் வந்திருந்தது. யோகராணி ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வெட்டினாள். இரத்தினசிங்கம் முதல்முறையாக ஒரு இசைத்தட்டை இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டார். சாத்திரியார் என்று கூப்பிட ஆளில்லாத வீடு எவ்வளவு அமைதி, எவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னேரம் அவர் போய், மணி வேலை செய்கிறதா என்று ஒருதரம் அமத்திப் பார்த்தார். யோகராணி கண்டும் காணாததுபோல இருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு, தேத்தண்ணீர் ஆறுமுன்னே மணி அடித்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. அறுபது சோடி என்று யோகராணி சொல்வாள், நாம் ஆறு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மாநிலத்துப் பென்டில் ஹில்லிலிருந்துகூட இரவிரவாகக் கார் ஓடி ஒரு குடும்பம் வந்திருந்தது.

விமலாதேவி தன் பிழையை ஊருக்குச் சொல்லித் தலைகுனிவாரா. அவர் ஊருக்குச் சொன்ன கதையே வேறு. ஜேர்மனியில் ஒரு பெடியன், ஏழு பொருத்தம். எல்லாம் சரிவந்த நேரத்தில், அவன் முந்தி ஒரு பிள்ளைக்கு மோதிரம் மாற்றிவிட்டுக் கைவிட்டவன் என்பதைச் சாத்திரியார் இங்கே கதிரையில் இருந்தபடியே கண்டுபிடித்தார். நேரே வீட்டுக்கு வந்து சொல்லித் தன் பிள்ளையைக் காப்பாற்றினார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் மனுஷியின் கெட்டித்தனம்.

“எங்கடை மாப்பிள்ளைப் பெடியன் கனடாவிலை அண்ணை” என்றார் பென்டில் ஹில்காரர், மடித்த காகிதத்தை நீட்டி. “பொருத்தம் நாங்கள் பார்த்திட்டம். ஆள் எப்பிடி எண்டு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ.”

இரத்தினசிங்கம் ஒரு பெருமூச்சு விட்டார். காகிதத்தை வாங்கினார். எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கி வைத்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“முதல்லை வருசத்தைச் சொல்லுங்கோ” என்றார். “இங்கிலீசு வருசத்தை.”